பிரிண்ட் தடை, காப்பி தடை: ரகசிய ஆவணத்த பூட்டுறதுல எது நிஜமா வேலை செய்யுது

ஒரு பிடிஎஃப் பைல்ல பிரிண்ட் பண்ண அனுமதி இல்ல, காப்பி பண்ண அனுமதி இல்லன்னு செட் பண்ணிட்டு, இனிமே இது எங்கயும் போகாதுங்கற நம்பிக்கையில மெயில்ல அனுப்பிடுற ஆபீஸ் ரொம்ப நிறைய. சம்பள லிஸ்ட், டெண்டர் ரேட், ஒப்பந்த வரைவு, யார வேலைய விட்டு எடுக்கப் போறாங்கங்கற பட்டியல், எல்லாமே இப்படித்தான் போகுது. அந்த செட்டிங் என்ன செய்யுது, என்ன செய்யாதுன்னு தெரியாமலேயே அத நம்பி ஆளுங்களோட வாழ்க்கைய பாதிக்கிற பேப்பர எல்லாம் அனுப்புறாங்க, அதனாலதான் இத கொஞ்சம் விரிவாவே பேசணும்.

பிடிஎஃப்லயே ஆரம்பிப்போம். அதுல ரெண்டு விதமான பாஸ்வேர்ட் இருக்கு. ஒண்ணு பைல திறக்கும்போதே கேக்குறது, இன்னொண்ணு திறந்ததுக்கு அப்புறம் பிரிண்ட் பண்ணலாமா, எழுத்த காப்பி பண்ணலாமா, திருத்தலாமான்னு கட்டுப்படுத்துறது. முதல் வகை உண்மையான பூட்டு. உள்ள இருக்குற எழுத்தெல்லாம் கணக்கு போட்டு கலைச்சு வச்சிருக்கும், பாஸ்வேர்ட் இல்லாம பாத்தா ஒண்ணுமே புரியாது, நல்ல நீளமான பாஸ்வேர்டா வச்சு ஏஇஎஸ் 256 பிட்ங்கற வலுவான முறையில பூட்டியிருந்தா அத ஊகிச்சு உடைக்கறது நடக்காத காரியம்னே வச்சுக்கலாம். ரெண்டாவது வகை அப்படி இல்ல. திறக்குறதுக்கு பாஸ்வேர்ட் எதுவும் வைக்காம பிரிண்ட்ட மட்டும் தடுத்தா, உள்ள இருக்கறத படிக்கறதுக்கு வேண்டியது எல்லாம் ஏற்கனவே எதிர்ல இருக்குறவர் கைக்கு போயிடுச்சு, கூடவே "இத பிரிண்ட் பண்ண விடாதே"ன்னு ஒரு குறிப்பு போகுது, அவ்வளவுதான். அந்த குறிப்ப மதிக்கிறதும் மதிக்காததும் திறக்குற சாஃப்ட்வேர் கையில இருக்கு. மதிக்காத சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, ஒரு நிமிஷம் கூட ஆகாது. கதவுல "உள்ளே வரக்கூடாது"ன்னு போர்டு மாட்டுறதும் கதவ பூட்டுறதும் ஒண்ணு இல்லையே, இதுவும் அப்படித்தான்.

இந்த ஒரு வித்தியாசத்த மனசுல வச்சுக்கிட்டா மிச்சத்த எல்லாம் அளந்து பாக்கலாம். நாம போடுற தடை கோரிக்கையா இல்ல பூட்டா? மெயில் கடைசியில வர்ற "இது ரகசியமானது, தவறி வந்திருந்தா அழிச்சிடுங்க"ங்கற நாலு வரி கோரிக்கை. பக்கத்துக்கு மேல சிவப்புல அடிக்கிற "ரகசியம்" முத்திரை கோரிக்கை. கூகுள் டிரைவ்ல பாக்குறவங்களுக்கு டவுன்லோட், பிரிண்ட், காப்பி மூணையும் நிறுத்துற வசதி 2015லயே வந்துடுச்சு, அது நடுவுல நிக்குது, ஏன்னா பைல் நேரா அவங்க கைக்கு போறதில்ல, ஆனா ஸ்கிரீன்ல தெரியுறத எடுக்கணும்னு நினைக்கிறவங்கள அது நிறுத்தாது. கோரிக்கைய மட்டமா சொல்றதா நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஆளுங்க நல்லவங்க, "இத வெளிய குடுக்கக்கூடாது"ன்னு தெரிஞ்சா குடுக்க மாட்டாங்க, அவங்களுக்கு அந்த முத்திரை போதும். பிரச்சனை, கோரிக்கைய பூட்டுன்னு நம்பி உக்காந்திருக்கறதுதான்.

நிஜ பூட்டுக்கு பக்கத்துல போற முயற்சி ஒண்ணு இருக்கு, உரிமை மேலாண்மைன்னு சொல்வாங்க, ஆபீஸ் ஐடி ஆளுங்க ஐஆர்எம்னு சுருக்கி சொல்றது இதத்தான். மைக்ரோசாஃப்ட் இத 2003ல ஆபீஸ் 2003 கூடவே கொண்டு வந்தாங்க, இப்போ ஆவணத்துக்கு "ரகசியம்", "மிக ரகசியம்"னு லேபிள் ஒட்டுனா தானா பூட்டிக்கிற அளவுக்கு வளந்திருக்கு. இது எப்படி வேலை செய்யுதுன்னா, பைல் எப்பவுமே பூட்டுன நிலையிலதான் இருக்கும், மெயில்ல போனாலும் பென்டிரைவ்ல போனாலும் அப்படியேதான். யாராவது திறக்கும்போது அவங்க யாருன்னு சர்வர் கிட்ட கேக்கும், சர்வர் சரிபாத்துட்டு சாவியும் கூடவே உரிமை சீட்டும் குடுக்கும்: இவர் படிக்கலாம், பிரிண்ட் பண்ணக்கூடாது, இந்த தேதிக்கு மேல திறக்கவே கூடாது. தப்பான ஆளுக்கு அனுப்பிட்டா கூட சாவி கிடைக்காது, அனுப்புன பிறகும் உரிமைய திரும்ப வாங்கலாம், யார் எப்போ திறந்தாங்கன்னு பதிவும் இருக்கும் (ஏற்கனவே வாங்குன சீட்டு கொஞ்ச நாள் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும், அந்த நாள் கணக்க நிர்வாகி குறைச்சு வைக்கலாம்). தப்பா ஃபார்வர்ட் ஆகுறதுதான் ஆபீஸ்ல நடக்குற கசிவுல ரொம்ப சாதாரணமானது, பேர் டைப் பண்ணும்போது மெயிலே தானா நிரப்புன அட்ரஸ் தப்பா போயிடும், அந்த ஒரு விஷயத்துக்காகவே இது பிரயோஜனமானதுன்னு எனக்கு படுது.

ஆனா இதுலயும் ஒரு ஓட்டை அடிப்படையிலேயே இருக்கு. படிக்கிற உரிமை குடுக்கணும்னா சாவிய அவரோட கம்ப்யூட்டருக்கு குடுத்தே ஆகணும். "படிக்கலாம், பிரிண்ட் கூடாது"ங்கறத அதுக்கப்புறம் காப்பாத்த வேண்டியது அவர் கம்ப்யூட்டர்ல ஓடுற சாஃப்ட்வேர்தான். ஜெர்மனியில போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல இதத்தான் செஞ்சு காட்டுனாங்க, மைக்ரோசாஃப்ட் பூட்டுன ஆவணத்துல படிக்கிற உரிமை மட்டும் இருக்குற ஒருத்தர் மொத்த பாதுகாப்பையும் கழட்டிட்டு சாதா பைலா மாத்திடலாம்னு. ஆக உரிமையே இல்லாதவங்கள இது நல்லா தடுக்கும், பாதி உரிமை இருக்குறவங்கள ஓரளவுக்குத்தான்.

அப்புறம் ஸ்கிரீன். ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாம பண்ண விண்டோஸ்லயும் ஆண்ட்ராய்டுலயும் வசதி இருக்கு, எடுத்தா கறுப்பா விழும், பேங்க் ஆப்கள்ல பாத்திருப்பீங்க. ஆனா இன்னொரு போன எடுத்து ஸ்கிரீன போட்டோ புடிச்சா? அத தடுக்க எந்த சாஃப்ட்வேராலயும் முடியாது. கண்ணுக்கு தெரியுறது கேமராவுக்கும் தெரியும். அமெரிக்க விமானப்படை தேசிய காவல் படையில கம்ப்யூட்டர் பக்கம் வேலை பாத்த ஜாக் டெய்ஷெராங்கற இளைஞர் ரகசிய ஆவணங்கள டிஸ்கார்ட்ங்கற சாட் ஆப்ல ஒரு குரூப்ல போட்டது 2023ல உலகம் முழுக்க செய்தியாச்சு. அவர் முதல்ல படிச்சத டைப் அடிச்சு போட்டிருக்காரு, அப்புறம் பிரிண்ட் எடுத்து மடிச்சு வீட்டுக்கு கொண்டு போய் போட்டோ எடுத்து போட்டிருக்காரு. 2024ல 15 வருஷ தண்டனை. உலகத்துலயே கட்டுப்பாடு அதிகமான ஆபீஸ்கள்ல ஒண்ணுலயே ஒருத்தர் படிச்சத தலைக்குள்ள வச்சுக்கிட்டு வெளிய வந்து எழுதறத தடுக்க முடியல.

அப்போ இந்த தடையெல்லாம் வீண்தானேன்னு கேட்டா, இல்லன்னு உறுதியா சொல்வேன். அதுக்கு ஒரு பழைய சம்பவத்த பாக்கணும். 1969ல டேனியல் எல்ஸ்பர்க், ராண்ட்ங்கற ஆய்வு நிறுவனத்துல வேலை பாத்தவர், வியட்நாம் போர் பத்தின ரகசிய ஆய்வு, கிட்டத்தட்ட 7000 பக்கம், அத பெட்டியில கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டு வந்து, தெரிஞ்சவங்களோட விளம்பர ஆபீஸ்ல ராத்திரியில ஜெராக்ஸ் எடுத்தாரு. சாதா பேப்பர்ல பட்டன அமுக்குனா காப்பி வர்ற ஜெராக்ஸ் 914 மெஷின் 1959ல வந்து அப்போ பத்து வருஷம்தான் ஆகியிருந்துச்சு. ஒவ்வொரு பக்கமா கண்ணாடி மேல வச்சு எடுக்கணும், "டாப் சீக்ரெட்" முத்திரைய வெட்டி எடுக்கணும், ராத்திரி ராத்திரியா உக்காந்து எடுக்குற வேலை அது. அது நியூயார்க் டைம்ஸ்ல வந்தது 1971 ஜூன்ல. இன்னைக்கு அதே 7000 பக்கம் ஒரு சின்ன பைல், இழுத்து இன்னொரு ஃபோல்டர்ல போட ரெண்டு செகண்ட்.

வித்தியாசம் அங்கதான் இருக்கு. அந்தக் காலத்துல பேப்பரோட கனமும் மெஷினோட மெதுவும் தானாவே ஒரு காவலா இருந்துச்சு, யாரும் திட்டம் போட்டு வச்ச காவல் இல்ல. டிஜிட்டலுக்கு மாறுனப்போ அந்த காவல் போயிடுச்சு, அத யாரும் கவனிக்கக்கூட இல்ல. பிரிண்ட் தடை, காப்பி தடை எல்லாம் போன அந்த மெதுவ திரும்ப கொண்டு வர்ற முயற்சின்னு பாத்தா சரியா புரியும். 300 பக்க ஆவணத்த ஒவ்வொரு ஸ்கிரீனா போட்டோ எடுக்கணும்னா நேரமாகும், கை வலிக்கும், பக்கத்து சீட்ல இருக்குறவர் பாப்பாரு, அந்த நேரத்துல மனசு மாறவும் வாய்ப்பிருக்கு. வேலைய விட்டு போறதுக்கு முந்தின நாள் கோபத்துல மொத்த ஃபோல்டரையும் அள்ளிட்டு போறவர் இந்த தடை இருந்தா அவ்வளவு சுலபமா அள்ள முடியாது. வேணும்னே மாசக்கணக்கா திட்டம் போடுற ஒருத்தர இது நிறுத்தாது, ஆனா ஆபீஸ் கசிவுல அப்படிப்பட்டவங்க கம்மி, கவனக்குறைவும் அவசரமும் கோபமும்தான் ஜாஸ்தி.

ரெண்டாவது பலன் தடம். 2017ல ரியாலிட்டி வின்னர்ங்கற ஒப்பந்த ஊழியர் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவோட ஒரு அறிக்கைய பிரிண்ட் எடுத்து பத்திரிகைக்கு அனுப்புனாங்க. பத்திரிகை அது உண்மைதானான்னு சரிபாக்க அரசாங்கத்துக்கு காட்டுன காப்பியில மடிப்பு தெரிஞ்சது, அப்போ இது பிரிண்ட் எடுத்து போனதுன்னு புரிஞ்சு போச்சு. பதிவ பாத்தா அந்த அறிக்கைய பிரிண்ட் எடுத்தவங்க மொத்தமே ஆறு பேர், அதுல ஒருத்தரோட ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து அந்த பத்திரிகைக்கு மெயில் போயிருந்துச்சு. வேற பெரிய துப்பறியுற வேலையே தேவைப்படல. 2018ல 63 மாச தண்டனை. பத்திரிகை வெளியிட்ட காப்பியில மஞ்சள் புள்ளிகளும் இருந்தத அப்புறம் வெளி ஆளுங்க கண்டுபுடிச்சாங்க. நிறைய கலர் லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொரு பக்கத்துலயும் கண்ணுக்கு தெரியாத அளவுக்கு சின்ன மஞ்சள் புள்ளிகள அடிக்குது, நீல வெளிச்சத்துல பாத்தா தெரியும், பிரிண்டரோட சீரியல் நம்பரும் தேதியும் நேரமும் அதுல இருக்கும். எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன்ங்கற அமைப்பு 2005ல ஜெராக்ஸ் கம்பெனியோட டாகுகலர் பிரிண்டர் அடிச்ச புள்ளிகள படிச்சு இத வெளிய சொன்னாங்க.

வாட்டர்மார்க்கும் இதே வேலைதான் செய்யுது. பக்கம் முழுக்க குறுக்கால படிக்கிறவரோட பேரும் மெயில் ஐடியும் திறந்த நேரமும் லேசா தெரியுற மாதிரி வச்சா, போட்டோ எடுத்தாலும் பேர் கூடவே போகும். செலவு கம்மி, பலன் அதிகம், நான் பாத்த வரைக்கும் ஸ்கிரீன்ஷாட் தடைய விட இதுக்குத்தான் ஆளுங்க யோசிக்கிறாங்க. கண்ணுக்கு தெரியாத வகையும் இருக்கு, ஆளுக்கு ஆள் ஒரு வார்த்தைய, ஒரு கமாவ மாத்தி அனுப்பிட்டு எந்த காப்பி வெளிய வந்துச்சுன்னு பாக்குறது. ஜீனியஸ்ங்கற பாடல் வரி தளம் தங்களோட வரிகள்ல வார்த்தைக்கு நடுவுல வர்ற அபாஸ்ட்ரஃபி குறிய நேராவும் வளைஞ்சதாவும் மாத்தி மாத்தி வச்சு, புள்ளியும் கோடுமா எழுதுற மோர்ஸ் கோட்ல "கையும் களவுமா"ங்கற அர்த்தம் வர்ற மாதிரி பண்ணி, அதே வரிசை கூகுள் தேடல்ல தெரிஞ்சதுன்னு 2019ல குற்றம் சாட்டுனாங்க. வழக்குல அவங்க ஜெயிக்கல, ஆனா முறை எப்படி வேலை செய்யுங்கறதுக்கு இதவிட நல்ல உதாரணம் இல்ல. ஆபீஸ்ல இத செய்யுறதா இருந்தா, ஆவணத்துக்கு தடம் போடப்பட்டிருக்குன்னு ஊழியர்களுக்கு முன்னாடியே சொல்லிடுறதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன். மாட்டி விடுறதுக்காக இல்லாம தடுக்கறதுக்காக வைக்கிறதுன்னா சொல்லித்தான் வைக்கணும்.

பேப்பர் பக்கம் வந்தா ரொம்ப சாதாரண விஷயங்கள்லதான் ஓட்டை. பிரிண்ட் குடுத்துட்டு போன் வந்துச்சுன்னு போயிடுறோம், பேப்பர் மெஷின் தட்டுலயே கிடக்கும், அடுத்து வர்றவர் தன்னோட பேப்பரோட சேத்து எடுத்துட்டு போயிடுவாரு. இதுக்கு வழி இருக்கு, பிரிண்ட் குடுத்தாலும் மெஷின் கிட்ட போய் கார்டு காட்டுனாத்தான் பேப்பர் வெளிய வர்ற மாதிரி செட் பண்றது, பெரிய ஆபீஸ் மெஷின்கள்ல இந்த வசதி அநேகமா இருக்கும், ஆனா பயன்படுத்துறது கம்மி. இன்னொண்ணு மெஷினுக்குள்ள இருக்குற ஹார்ட் டிஸ்க். இப்போ வர்ற ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷின் பலதுல எடுத்த பக்கம் எல்லாம் உள்ள பதிவாகுது. அஃபினிட்டி ஹெல்த் பிளான்ங்கற அமெரிக்க காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த மெஷின்கள டிஸ்க்க அழிக்காம திருப்பி குடுத்துட்டாங்க, ஒரு மெஷின சிபிஎஸ் டிவிக்காரங்க வாங்கி பாத்தப்போ உள்ள நோயாளிகள் விவரம் இருந்துச்சு. 3,44,579 பேர் வரைக்கும் பாதிச்சிருக்கலாம்னு கணக்கு, 2013ல 12,15,780 டாலர் கட்டி முடிச்சாங்க. பிரிண்ட்ட எத்தனை கவனமா தடுத்தாலும் மெஷின திருப்பி அனுப்புறப்போ டிஸ்க்க யோசிக்க ஒரு ஆள் இல்லன்னா இப்படித்தான் ஆகும். பழைய கம்ப்யூட்டர விக்கிறப்போ யோசிக்கிறோம், ஜெராக்ஸ் மெஷின் யாருக்கும் ஞாபகம் வர்றதே இல்ல.

மறைச்சு அனுப்புறதும் இதே குடும்பம்தான். பேர் மேல கறுப்பு பட்டை போட்டு பிடிஎஃப்பா அனுப்பிட்டா மறைஞ்சிடுச்சுன்னு நினைக்கிறாங்க, ஆனா பட்டைக்கு கீழ எழுத்து அப்படியே இருக்கும், செலக்ட் பண்ணி வேற எடத்துல பேஸ்ட் பண்ணா வந்துடும். 2019 ஜனவரியில, டிரம்போட தேர்தல் பிரச்சாரத்துக்கு தலைவரா இருந்த பால் மேனஃபோர்ட்டோட வக்கீல்கள் கோர்ட்ல தாக்கல் பண்ண ஆவணத்துலயே இப்படி ஆச்சு. வேர்ட் பைல்ல வேற மாதிரி, யார் யார் திருத்துனாங்கங்கற பழைய பதிவு உள்ளயே தங்கிடும், 2003ல பிரிட்டிஷ் அரசாங்கம் ஈராக் பத்தி வெளியிட்ட ஆவணத்துல இருந்து அத யார் யார் கையாண்டாங்கங்கற பேரெல்லாம் வெளிய வந்துடுச்சு. வெளிய அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்த நிஜமாவே நீக்குற டூல்ல போட்டு எடுத்துட்டு, காப்பி பேஸ்ட் பண்ணி பாத்து உறுதி பண்ணிக்கணும், வேற வழி இல்ல.

இப்போ எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயத்துக்கு வர்றேன். தடைய எவ்வளவு இறுக்குறோமோ அவ்வளவு பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு. ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர்ங்கற ரெண்டு கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள் 1975லயே கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு எட்டு விதி எழுதுனாங்க, அதுல ஒண்ணு ஒவ்வொருத்தருக்கும் அவங்க வேலைக்கு வேண்டிய அளவு உரிமை மட்டும் குடுக்கணுங்கறது, எல்லாரும் இத மேற்கோள் காட்டுவாங்க. இன்னொண்ணு, பாதுகாப்பு முறை பயன்படுத்துறவங்களுக்கு சுலபமா இருக்கணும், இல்லன்னா சரியா பயன்படுத்த மாட்டாங்கங்கறது. இத யாரும் சொல்றதே இல்ல. ஒரு கிளார்க் நாலு மணிக்குள்ள கணக்க முடிச்சு மேல அனுப்பணும், பைல் பிரிண்ட் ஆக மாட்டேங்குது, ஐடிக்கு டிக்கெட் போட்டா நாளைக்குத்தான் வருவாங்க, அவங்க என்ன செய்வாங்க? ஸ்கிரீன போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல மேலதிகாரிக்கு அனுப்புவாங்க. ஆபீஸுக்குள்ள இருந்த ரகசியம் ரெண்டு பேரோட சொந்த போன்ல, அதோட பேக்கப்ல போய் உக்காந்துக்கும், பதிவும் இல்ல தடமும் இல்ல. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, வேலைய முடிக்கணுங்கற பொறுப்புல செய்யுறாங்க. அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது.

ஏஐ டூல்கள் வந்ததுக்கு அப்புறம் இது இன்னும் பெருசாயிடுச்சு. 2023ல சாம்சங் ஊழியர்கள் சிலர் கம்பெனியோட புரோகிராம் கோடையும் மீட்டிங் குறிப்பையும் சாட்ஜிபிடியில போட்டுட்டாங்கன்னு செய்தி வந்து, கம்பெனி மே மாசம் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அந்த மாதிரி டூல்களையே தடை பண்ணுச்சு. அவங்க யாருக்கும் ரகசியத்த விக்கல, ஒரு தப்ப சரி பண்ணவும் குறிப்ப சுருக்கவும் உதவி கேட்டாங்க. காப்பி பேஸ்ட்ட கண்காணிக்கிற, டிஎல்பின்னு சொல்ற சாஃப்ட்வேர் இத கொஞ்சம் புடிக்கும், ஆனா அது கூடவே ஆபீஸ் கட்டுப்பாட்டுல ஓடுற ஒரு டூல ஊழியர்களுக்கு குடுக்கலன்னா சொந்த போன்ல போய் அதே கேள்விய கேப்பாங்க.

அதனால எந்த தடை போடுறதுக்கு முன்னாடியும், இது எத்தனை பேருக்கு போகணும்னு கேக்கணும். நூறு பேருக்கு அனுப்புன பைல பூட்டுறத விட அஞ்சு பேருக்கு மட்டும் அனுப்புறது பாதுகாப்பு. ரியாலிட்டி வின்னர் விஷயத்துல ஆறு பேர்ங்கறதாலதான் தடம் தெரிஞ்சுச்சு, அறுநூறு பேர்னா பதிவு இருந்தும் பெருசா உதவியிருக்காது. எல்லா பைலுக்கும் "ரகசியம்" லேபிள் ஒட்டுற ஆபீஸ்ல அந்த லேபிளுக்கு மரியாதையே போயிடும், கேன்டீன் நோட்டீஸுக்கும் சம்பள லிஸ்ட்டுக்கும் ஒரே முத்திரைன்னா யார் கவனிப்பாங்க. ஆவணத்துல பெரும்பகுதிக்கு எந்த தடையும் வேண்டாம், இன்னும் சிலதுக்கு "உள்ளுக்குள்ள மட்டும்"னு ஒரு அளவு போதும், நிஜமாவே வெளிய போனா யாரோ பாதிக்கப்படுவாங்கன்னு இருக்குற கொஞ்சத்துக்கு மட்டும் ஐஆர்எம், வாட்டர்மார்க், கார்டு காட்டி பிரிண்ட் எல்லாம். அந்த கொஞ்சத்துல இருக்குறவங்களுக்கு பிரிண்ட் நிஜமா தேவைப்பட்டா அத குடுக்க அதே நாள்ல பதில் சொல்ற ஒரு ஆளும் வேணும்.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும். தடைங்கறது ஊழியர் சம்பளத்தையும் நோயாளி விவரத்தையும் காப்பாத்தவும் உதவும், தப்பு நடந்தத மறைக்கவும் உதவும். எல்ஸ்பர்க் வெளியிட்ட ஆய்வுல அரசாங்கம் மக்கள்கிட்ட சொன்னதும் உள்ளுக்குள்ள தெரிஞ்சு வச்சிருந்ததும் வேற வேறயா இருந்துச்சு. ஒரு ஆபீஸ் ஆவணங்கள இறுக்கி பூட்டுறப்போ, உள்ள நடக்குற முறைகேட்ட யார்கிட்ட பயமில்லாம சொல்லலாங்கற வழியையும் கூடவே திறந்து வைக்கணும், குறிப்பிட்ட தேதியில தானா அழியுற பைல், திரும்ப வாங்குற உரிமை இதெல்லாம் விசாரணை வந்தா ஆதாரத்த அழிக்கிற கருவியா மாறக்கூடாது. இத ஐடி டிபார்ட்மென்ட் முடிவு பண்ண முடியாது, நிர்வாகமும் சட்டம் பாக்குறவங்களும் சேர்ந்துதான் எழுதணும்.

கடைசியா பூட்டுறவங்களே வெளிய மாட்டிக்கிற ஆபத்து. 2009 டிசம்பர்ல ஆபீஸ் 2003ல பூட்டுன ஆவணங்கள அதோட சொந்தக்காரங்களாலயே திறக்க முடியாம போச்சு, காரணம் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆனது, மைக்ரோசாஃப்ட் அவசரமா சரி பண்ணி குடுத்தாங்க. சர்வர் கிட்ட கேட்டாத்தான் திறக்கும்னா சர்வர் இல்லாத அன்னைக்கு திறக்காது. பூட்டுனவர் வேலைய விட்டு போயிட்டாருன்னா, அக்கவுன்ட்ட மூடிட்டாங்கன்னா, அஞ்சு வருஷத்துக்கு முந்தின ஒப்பந்தத்த கோர்ட் கேக்கும்போது யார் திறப்பாங்க? எல்லா ஆவணத்தையும் திறக்கக்கூடிய ஒரு பொது அக்கவுன்ட் வச்சு, அத ஒருத்தர் கையில குடுக்காம ரெண்டு பேர் ஒப்புதல்ல மட்டும் திறக்குற மாதிரி பண்ணி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பழைய பைல எடுத்து திறந்து பாத்து, திறக்குதுன்னு எழுதி வைக்கணும்.